தாய்ப்பத்திரத்தை எடுத்து வாருங்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸ் நகரத்தில் 1910இல் எழுதப்பட்ட ஒரு கிரயப் பத்திரத்தில் இப்படி ஒரு வரி வருகிறது: இந்த இடத்தைச் சீன, ஜப்பானிய, மூரிய, துருக்கிய, நீக்ரோ, மங்கோலிய அல்லது ஆப்பிரிக்க ரத்தமோ வம்சமோ உள்ள எவருக்கும் எக்காலத்திலும் கிரயம் செய்யவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அந்த நகரத்தில் இதுவரை கண்டெடுத்த இனத்தடை வரிகளில் இதுதான் மிகப் பழையது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய 'மேப்பிங் பிரெஜுடிஸ்' என்ற ஆய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். மினியாபொலிஸ் நகர எல்லைக்குள் மட்டும் இப்படிப்பட்ட பத்திரங்கள் 8,000க்கும் மேல் தேறின. எந்தெந்த வீடு என்று அவர்கள் வெளியிட்ட வரைபடத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தே தேடலாம்.

இனவெறியைப் பற்றி வெள்ளையர்கள் தங்களுக்குள் கூடிப் படிக்கும் குழு ஒன்று தொடங்குகிறது என்றால், நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்: புத்தகம் பிறகு வாங்கலாம், உங்கள் வீட்டின் தாய்ப்பத்திரத்தை எடுத்து வாருங்கள்.

காரணம் உண்டு. புத்தகத்தோடு தொடங்கிய குழுக்களில் பேச்சு இரண்டு பக்கம் ஓடிவிடும். ஒன்று, தெற்கு நோக்கி. இனவெறி என்றால் அலபாமா, மிசிசிப்பி, வெள்ளை முக்காடு போட்ட கு கிளக்ஸ் கிளான் கூட்டம். நம் ஊர் அப்படிப்பட்டதல்ல என்ற நிம்மதி. மற்றொன்று, மனசுக்குள். நான் கெட்டவளா, நான் நல்லவனா, எனக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கிறது என்ற விசாரணை. இரண்டிலும் தங்கள் தெரு கண்ணில் படாது. பத்திரத்தோடு தொடங்கினால் பேச்சு தெருவை விட்டு நகர முடியாது. அதில் தேதி இருக்கிறது, மனை எண் இருக்கிறது, விற்றவர் வாங்கியவர் கையெழுத்து இருக்கிறது.

2020 மே 25 அன்று அதே நகரத்தில், 38ஆவது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஜார்ஜ் ஃபிளாய்டை ஒரு போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அந்தக் கோடையில் அமெரிக்கா முழுக்க வெள்ளையர் படிப்புக் குழுக்கள் முளைத்தன. பல குழுக்கள் பனி விழும் முன்பே கலைந்துபோயின. கலைந்தவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. அக்கறையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கலைந்தார்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

வெள்ளையர்கள் ஏன் தனியாகக் கூட வேண்டும் என்ற கேள்வி முதல் நாளே வரும். நியாயமான கேள்வி, பதில் சொல்லாமல் நகரக் கூடாது. கலப்புக் குழுவில் ஒரு வெள்ளையர் இதைப் பற்றி முதன்முறையாக வாய் திறக்கும்போது சொல்லும் அரைகுறைப் பேச்சை, எதிரே இருக்கும் கறுப்பினத்தவர் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டதோடு விடுவதில்லை, திருத்தவும் வேண்டியிருக்கிறது, அதற்கு மேல் ஆறுதலும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பிய மனுஷியின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவது அது. 1966இல், ஸ்டோக்லி கார்மைக்கேல் தலைமையில் கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு இதைத் தெளிவாகவே சொன்னது: இனவெறி குடியிருப்பது வெள்ளையர் சமூகத்தில்; வெள்ளைத் தோழர்கள் அங்கே போய் வேலை செய்யட்டும். தனியாகக் கூடுவது அந்தச் சொல்லுக்குப் பின் வந்த வழக்கம்.

ஆனால் தனியாகக் கூடுவதோடு நின்றுவிட்டால் அது வெறும் கிளப். ஊரில் கறுப்பினத்தவர் நடத்தும் அமைப்பு ஒன்றிடம் குழு என்ன செய்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்கினால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். படிக்க நேரமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது.

ஆள் கணக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. எட்டுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத நாளில் கூட்டம் படுத்துவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் எல்லாருக்கும் பேச நேரம் கிடைக்காது. பேசாதவர் அடுத்த முறை வரமாட்டார். ஒரே தெரு அல்லது அடுத்தடுத்த தெருக்காரர்களாக இருப்பது நல்லது. அலுவலக நண்பர்களையோ நகரத்தின் நாலு மூலையிலிருந்து வருபவர்களையோ வைத்து நடத்தினால், பத்திரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைப் பேசும், கதை கோவையாகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், மொத்தம் பத்து அமர்வு. வாரந்தோறும் என்றால் மூச்சு முட்டும். மாதம் ஒன்று என்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இடம் நூலக அறையாக இருக்கட்டும். வீட்டுக் கூடத்தில் வைத்தால் வீட்டுக்காரர் விருந்தோம்பலில் இறங்கிவிடுவார். ஒயினும் பாலாடைக்கட்டியும் மேசைக்கு வந்ததும் யாரும் யாரையும் சங்கடப்படுத்தத் துணிய மாட்டார்கள். காபி போதும்.

நடத்துபவர்கள் எப்போதும் இருவர். ஒருவர் நேரத்தையும் பேச்சு வரிசையையும் பார்க்க, மற்றவர் முகங்களைப் பார்க்க. ஒற்றை ஆள் நடத்திய குழுவில், யாராவது உடைந்துபோனால் நடத்துபவரும் அவரோடு போய்விடுவார், மிச்சம் பத்துப் பேர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சுக்குச் சுற்று முறை: ஆளுக்கு மூன்று நிமிடம், குறுக்கே பேச்சில்லை, பதில் இல்லை. மூன்று நிமிடத்தில் பேச ஒன்றுமில்லை என்றால் மௌனமாக இருந்து அந்த நேரத்தை முடிக்கலாம். ஒரு சுற்று முடிந்த பிறகே உரையாடல். கேட்க எளிதாகத் தெரியும் இந்த விதியைத்தான் இரண்டாவது அமர்விலேயே உடைப்பார்கள், அதுவும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். அலைபேசியில் கடிகாரத்தை ஓடவிட்டு மேசை நடுவே வையுங்கள்.

இப்போது பத்திரம்.

தற்போதைய கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்து, எங்கள் பத்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்று பாதிப் பேர் சொல்வார்கள். இருக்காது. மனைப்பிரிவு போட்ட நிறுவனம் முதல் ஆளுக்கு விற்றபோது எழுதிய பத்திரத்தில்தான் அந்த வரி இருக்கும். பிறகு வந்த பத்திரங்கள், முன் விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு என்று ஒரே வார்த்தையில் கடந்துபோயிருக்கும். நம் ஊரில் வில்லங்கம் பார்க்க முப்பது ஆண்டு பின்னோக்கிப் போவது போல, இங்கே நூறாண்டு போக வேண்டும். மினசோட்டாவில் பழைய வீட்டுக்காரர்கள் பலரிடம் 'அப்ஸ்ட்ராக்ட்' என்று ஒரு தடித்த கட்டு இருக்கும்: அந்த நிலம் அரசிடமிருந்து முதல் ஆளுக்குப் போன நாள் முதல் நடந்த ஒவ்வொரு கைமாற்றத்தின் சுருக்கமும் வரிசையாகத் தைத்த கட்டு. வங்கி லாக்கரிலோ பரணிலோ கிடக்கும். அது இல்லாதவர்கள் மேப்பிங் பிரெஜுடிஸ் வரைபடத்தில் முகவரியைத் தேடி, அங்கே காட்டும் ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு, மினியாபொலிஸ் அடங்கிய ஹென்னபின் கவுண்டியின் பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். இதற்கு இரண்டு வாரமாவது பிடிக்கும். அதனால் முதல் அமர்வுக்கு முன்பே சொல்லி அனுப்ப வேண்டும்.

முதல் அமர்வில் செய்வது இவ்வளவுதான். கட்டின் முதல் பக்கத்தை எடுங்கள். அமெரிக்க அரசு இன்னாருக்கு இத்தனை ஏக்கர் வழங்கியது என்றிருக்கும். அதற்கு முன்னால் யார் என்று கேளுங்கள். பக்கம் இல்லை. தெற்கு மினசோட்டாவில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்து கிடக்கும் நிலத்தில் பெரும்பகுதி 1851 ஒப்பந்தங்களில் டகோட்டா மக்களிடமிருந்து எழுதி வாங்கியது. பதினொரு ஆண்டில், 1862 டிசம்பர் 26 அன்று, மன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். பத்திரக் கட்டு அதற்கு மேலிருந்துதான் தொடங்குகிறது. இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் விட்டுவிடக் கூடாது. பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, தடை வரி வரும் இடத்தில் நிறுத்தி, வீட்டுக்காரர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனசுக்குள் படித்தால் பலன் இல்லை. படிப்பவர் குரல் பாதியில் இறங்கும். அந்த வார்த்தைகளைச் சொல்ல நா கூசும். யாரும் உடனே பேச வேண்டாம் என்று நடத்துபவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்துக் கேட்கும் கேள்வி: இந்த வரி எழுதியவுடன் உங்கள் வீட்டின் விலை ஏறியதா இறங்கியதா?

ஏறியது. அதுதான் புரிய வேண்டியது. மனை விளம்பரங்களில் இந்தத் தடையை ஒரு வசதியாகவே காட்டி விற்றார்கள். 1934இல் உருவான ஃபெடரல் வீட்டுவசதி நிர்வாகம், வங்கிக் கடனுக்குக் காப்புறுதி தருவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் இனத்தடையையும் நல்ல அம்சமாகத் தன் கையேட்டில் சேர்த்தது. 1948இல் உச்ச நீதிமன்றம் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இத்தகைய தடைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்த பிறகும், அந்த நிர்வாகம் புதிதாகத் தடை போட்ட வீடுகளுக்குக் காப்புறுதி தருவதை 1950 வரை நிறுத்தவில்லை. மினசோட்டா மாநிலம் புதிய தடைகளை எழுதக் கூடாது என்று 1953இல் சட்டம் போட்டது. வாடகைக்கும் விற்பனைக்கும் சேர்த்து நாடு முழுக்கப் பாகுபாட்டைத் தடுத்த சட்டம் 1968 ஏப்ரலில் வந்தது. இந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அதன் பக்கத்திலேயே அவரவர் வீடு கைமாறிய ஆண்டுகளை எழுதச் சொல்லுங்கள். பேச்சே தேவைப்படாது.

இரண்டாவது அமர்வில் பெரும்பாலும் சிவப்புக் கோட்டு வரைபடத்தைக் கொண்டுவருவார்கள். அரசின் வீட்டுக்கடன் கழகம் 1930களின் பிற்பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைந்தது: கடன் கொடுக்க ஏற்ற இடம் பச்சை, அடுத்து நீலம், மஞ்சள், ஆபத்தான இடம் சிவப்பு. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இந்தச் சிவப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடங்கள் முடியும் முன்பே கொடுத்துவிட்டது. சிவப்புப் பகுதிகளுக்கும் கொடுத்தது. கதவை நெடுங்காலம் சாத்தி வைத்ததில் வீட்டுவசதி நிர்வாகத்தின் பங்கும், தனியார் வங்கிகளின் பங்கும், பத்திரத்தில் வரி எழுதிய மனை நிறுவனங்களின் பங்கும் பெரிது. வரைபடத்தைச் சாட்சியாகப் பாருங்கள்: அன்று மதிப்பீட்டாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அதில் எழுத்து மூலம் ஆதாரம் இருக்கிறது. இதில் துல்லியம் முக்கியம். சந்தேகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்து, சொன்னதில் ஒன்று தப்பு என்று கண்டுபிடித்தால், மிச்சம் ஒன்பதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்.

மூன்றாவது அமர்வு நடை. மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குள் வருமாறு கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். ஜனவரியில் மினியாபொலிஸில் நின்று பேச முடியாது. தொடங்கும் இடம் கொலம்பஸ் அவென்யூ 4600ஆம் எண் வீடு. 1931இல் ஆர்தர் லீ, ஈடித் லீ என்ற கறுப்பினத் தம்பதி சிறு மகளோடு இங்கே குடிவந்தார்கள். ஆர்தர் தபால் துறை ஊழியர், முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்தவர். அந்த ஜூலையில் வீட்டைச் சூழ்ந்த கூட்டம் ஒரு கட்டத்தில் 4,000 பேர் வரை போனது. கல் வீசினார்கள், குப்பை கொட்டினார்கள், சுவரில் கறுப்புப் பெயின்டை ஊற்றினார்கள். மினசோட்டாவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர் லீனா ஆலிவ் ஸ்மித் அவர்களுக்காக நின்றார். பிரான்சின் சேற்றில் கிடந்தபோது யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லையே என்று ஆர்தர் கேட்டார். குடும்பம் உடனே பணியவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த பிறகுதான் வெளியேறியது. வீடு 2014இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது.

அது இன்றும் ஒருவர் குடியிருக்கும் வீடு. எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நில்லுங்கள், கதவைத் தட்டாதீர்கள், படம் எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் போதும். அங்கே நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி லீ குடும்பத்தைப் பற்றியது அல்ல, அந்த 4,000 பேரைப் பற்றியது. அவர்கள் எங்கே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்? மறுநாள் காலை எந்த வேலைக்குப் போனார்கள்? அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள்? இப்படிக் கேட்டதும் சிலர் தங்கள் பாட்டியை நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அங்கிருந்து சிகாகோ அவென்யூவுக்கு ஒரு தெரு கிழக்கே. பிறகு வடக்கே எட்டுத் தெரு. மொத்தம் சுமார் ஒரு மைல், நிதானமாக நடந்தால் இருபத்தைந்து நிமிடம். போய்ச் சேரும் இடம் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த முனை. 1931க்கும் 2020க்கும் நடுவே இருப்பது அந்த நடை. அந்த முனை துக்கம் காக்கும் இடம், அக்கம்பக்கத்தார் பூ வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். பன்னிரண்டு வெள்ளையர்கள் வட்டமாக நின்று கூட்டம் போடும் இடமில்லை. இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போங்கள், குரலைத் தாழ்த்துங்கள், பக்கத்துக் கடையில் ஏதாவது வாங்குங்கள், பேச்சை வேறிடத்தில் போய் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நகரமான செயின்ட் பாலில் இருப்பவர்கள் என்றால் ரோண்டோவுக்குப் போகலாம். ஐ-94 நெடுஞ்சாலை 1956க்கும் 1968க்கும் இடையே அந்தக் கறுப்பினக் குடியிருப்பின் நடுவே வெட்டிக்கொண்டு போனது. 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. நகர மேயர் 2015இல் மன்னிப்புக் கேட்டார். கோடையில் ரோண்டோ நாள்கள் என்று விழா எடுப்பார்கள். போங்கள், சாப்பிடுங்கள், காசு செலவழியுங்கள். குழுவின் பெயரில் மேசை போடாதீர்கள்.

நான்காவது அமர்வுதான் எல்லாரும் தள்ளிப்போடுவது: குடும்பக் கணக்கு. ஒரு தாளில் நெடுக்குக் கோடு போட்டு நான்கு பத்தி. முதல் பத்தியில் ஆண்டு. இரண்டாவதில் அந்த ஆண்டு குடும்பத்துக்கு வந்த சொத்து: நிலம், வீடு, கடன், படிப்பு, யூனியன் வழியாகக் கிடைத்த வேலை. மூன்றாவதில் அதைச் சாத்தியமாக்கிய சட்டமோ கையெழுத்தோ. நான்காவதில், அதே ஆண்டு, அதே தெருவில், அதே சம்பளம் வாங்கிய கறுப்பினக் குடும்பத்துக்கு அது கிடைத்திருக்குமா என்பது. இரண்டு வாரம் முன்பே கொடுத்து, அத்தை மாமாக்களுக்குப் போன் போட்டுக் கேட்டு நிரப்பச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுவது உதவும். 1949இல் 10,000 டாலருக்கு வாங்கிய வீடு. 1994இல் 90,000க்கு விற்பனை. மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு 30,000. அதில் ஒரு பிள்ளை தன் பங்கை மகளின் முதல் வீட்டுக்கு முன்பணமாகக் கொடுக்கிறார். இருபது சதவீத முன்பணம் என்றால் 1,50,000 டாலர் வீட்டை வாங்க அது போதும். அந்த மகள் நான் சொந்தக் காலில் நின்று வாங்கினேன் என்று உண்மையாகவே நம்புகிறாள். மாதத் தவணையை அவள்தானே கட்டினாள். 1949இல் யார் அந்தத் தெருவில் வாங்க முடியவில்லை என்பதைப் பக்கத்தில் எழுதும்போது கணக்கு முழுமையாகிறது. மினசோட்டாவில் இன்று வெள்ளைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்கு சொந்த வீட்டில் இருக்கிறது. கறுப்பினக் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த அமர்வில் கட்டாயம் ஒரு குரல் எழும்: என் கொள்ளுத்தாத்தா நார்வேயிலிருந்து வெறுங்கையோடு வந்தார், எங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. இதை மறுக்காதீர்கள். வெறுங்கையோடு வந்தார் என்பது உண்மை, பட்டினி கிடந்தார் என்பதும் உண்மையாக இருக்கும். மூன்றாவது பத்தியை மட்டும் காட்டுங்கள். குடியேறியவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கர் வாங்கினாரா? எந்த ஆண்டு குடியுரிமை எழுதிக் கொடுத்தார்கள்? எந்த வங்கி? ஏழ்மையைப் பற்றி வாதம் செய்து ஜெயித்த நடத்துநரை நாங்கள் பார்த்ததில்லை. தாளைப் பார்த்துத் தானே பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு.

அழுகை வரும். வந்தால் அழட்டும், டிஷ்யூ பெட்டி மேசையில் இருக்கட்டும். ஆனால் சுற்று நிற்கக் கூடாது. அழுதவரைச் சுற்றி ஐந்து பேர் எழுந்து போய்த் தோளைத் தட்டினார்கள் என்றால், அதுவரை பேசிக்கொண்டிருந்த விஷயம், அதாவது வீடு மறுக்கப்பட்ட ஒரு குடும்பம், அறையை விட்டே மறைந்துவிடும். அறையில் இப்போது பாதிக்கப்பட்டவர் அழுபவர்தான். முகம் பார்க்கும் இரண்டாவது நடத்துநர் அவரோடு வெளியே ஐந்து நிமிடம் போய்வரட்டும். மற்றவர் அடுத்த ஆளைப் பேசச் சொல்லட்டும். இதைக் கல்நெஞ்சம் என்று நினைக்கும் குழுக்கள் உண்டு. முதல் நாளே விதியாகச் சொல்லிவைத்தால் யாருக்கும் மனம் நோகாது.

அழுகையைவிட வெளியே தெரியாமல் கெடுப்பது பாவமன்னிப்பு. சிறு வயதில் நான் இப்படிச் சொன்னேன், அப்படிச் செய்தேன் என்று ஆளாளுக்குக் கொட்டி, கொட்டியதும் லேசாகிப் போய்விடுவார்கள். லேசானவர்கள் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு ஒப்புதலுக்குப் பின்னும் நடத்துபவர் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இதனால் அடுத்த வாரம் என்ன மாறும்? பதில் ஒரு வினைச்சொல்லில் இருக்க வேண்டும்: போவேன், கொடுப்பேன், கேட்பேன், நிறுத்துவேன். உணர்வேன் என்பதை ஏற்காதீர்கள். இன்னொரு கேடு, யார் அதிகம் விழித்துக்கொண்டவர் என்ற போட்டி. புதிதாக வந்தவர் வாய் தவறிப் பழைய சொல் ஒன்றைப் பயன்படுத்தினால், மூன்று பேர் பாய்ந்து திருத்துவார்கள். அவர் அன்றோடு சரி. திருத்தம் தேவைதான். ஒருவர் சொன்னால் போதும், அதுவும் ஒரே வாக்கியத்தில்.

கறுப்பின அண்டைவீட்டாரை ஒருநாள் வந்து பேசச் சொல்லலாமே என்று யோசனை வரும். அப்படிக் கூப்பிடாதீர்கள். அந்தத் தொழிலைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை உரிய கட்டணம் கொடுத்து அழையுங்கள். தமிழ் வாசகர்கள் இதைக் கவனிக்கலாம், ஏனென்றால் மினியாபொலிஸ் புறநகர்களான ஈடைனாவிலும் பிளைமவுத்திலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கும் இந்த அழைப்பு வருகிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அன்பாகக் கூப்பிடுகிறார் என்றால், எதைப் பேசக் கேட்கிறார் என்று முதலில் கேளுங்கள். உங்களுக்கு நேர்ந்ததைப் பேசலாம். கறுப்பினத்தவர் சார்பில் பேச ஒப்புக்கொள்ளாதீர்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின், படிப்பைப் பார்த்து விசா கொடுத்த காலத்தில் வந்தவர்கள் நாம். நம் வழியும் அவர்கள் வழியும் வேறு.

இந்தியர்கள் இந்தக் கதைக்கு வெளியே நிற்பவர்களும் இல்லை. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், உச்ச நீதிமன்றத்தில் தன் குடியுரிமைக்காக வாதாடினார். குடியேறி வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் மட்டும் அன்று குடியுரிமை. தான் உயர்சாதி ஆரியர், எனவே வெள்ளையர் என்பது அவர் தரப்பு வாதம். சாதாரண மனிதர் வெள்ளையர் என்று யாரைச் சொல்வாரோ அவர்தான் வெள்ளையர் என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. தோற்றுப்போன அந்த வாதத்தில் சாதி இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நூறாண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது சியாட்டில். எதிர்த்துப் பேசியவர்களில் இந்திய வம்சத்தினரும் இருந்தார்கள். நாற்காலியை வட்டமாகப் போட்டு, நான்கு பத்தித் தாளை எடுத்து, மூன்றாவது பத்தியில் சாதியை எழுதிப் பார்க்க வேண்டிய வீடுகள் நம்மிடம் நிறைய.

ஐந்தாவதிலிருந்து எட்டாவது அமர்வு வரை ஊருக்கு ஊர் மாறும்: பள்ளி எல்லை எப்படிக் கிழிக்கப்பட்டது, பக்கத்துத் தெரு இளைஞரைப் பார்த்து 911க்குப் போன் போடுவதற்கு முன் என்ன கேட்டுக்கொள்வது, வேலைக்கு ஆள் எடுக்கும்போது நமக்குப் பொருந்துவார் என்று சொல்வதன் பொருள் என்ன. இவற்றுக்கு ஏற்கெனவே தயாரித்த பாடங்கள் ஏராளம் கிடைக்கின்றன, இங்கே விரிக்கவில்லை.

ஒன்பதாவது அமர்வில் பத்திரத்துக்கே திரும்ப வேண்டும். 2019இல் மினசோட்டா சட்டமன்றம், வீட்டுக்காரர் விரும்பினால் தடை வரியை ரத்து செய்வதாக ஆவணம் பதிவு செய்ய வழி கொடுத்தது. இதற்கு இலவசமாக உதவ 'ஜஸ்ட் டீட்ஸ்' என்ற கூட்டமைப்பு இருக்கிறது; பல நகராட்சிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. வீட்டின் சட்டபூர்வ மனை விவரம், தடை வரி உள்ள ஆவணத்தின் எண், நோட்டரி முன் கையெழுத்து: இவ்வளவுதான் வேலை. பழைய பக்கத்தை யாரும் கிழிப்பதில்லை. அது பதிவில் அப்படியே இருக்கும். ரத்து ஆவணம் அதன் மேல் ஏறும். இது சரியான ஏற்பாடு, அழித்துவிட்டால் நடந்ததற்குச் சாட்சி இல்லாமல் போகும்.

ஆபத்து இங்கேதான். கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, வாசலில் ஒரு பலகையும் நட்டு, குழு கலைந்துவிடும். 1948 முதலே நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாத ஒரு வரியைச் செல்லாது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குக்கூட அதனால் வீடு கிடைக்கவில்லை. எனவே ரத்து ஆவணம் கையெழுத்தாகும் அதே நாளில் இன்னும் இரண்டு தாள் மேசைக்கு வர வேண்டும். ஒன்று, முதல் வீடு வாங்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கு முன்பணம் திரட்டும் உள்ளூர் நிதிக்கு ஆளுக்கு எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்பது. குடும்பக் கணக்கைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யட்டும். மற்றவர் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லட்டும். பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்ற பழக்கம் பத்து அமர்வுகளில் இங்கே ஒருமுறையாவது உடைய வேண்டும்.

இரண்டாவது, மனைப் பயன்பாட்டு விதிக் கூட்டங்களின் தேதிப் பட்டியல். மினியாபொலிஸ் நகரமன்றம் 2018 டிசம்பரில், ஒரு மனையில் ஒற்றைக் குடும்ப வீடு மட்டுமே என்ற விதியை நீக்கி மூன்று குடியிருப்பு வரை கட்டலாம் என்று திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதை எதிர்த்து வாசலில் பலகை வைத்த தெருக்களிலேயே இனவெறி எதிர்ப்புப் பலகைகளும் பிறகு முளைத்தன. இரண்டு பலகைக்கும் உள்ள முரணை அந்த வீட்டுக்காரர்கள் பலர் உணரவில்லை. தெருவின் இயல்பு, வாகன நெருக்கடி, வீட்டின் மதிப்பு என்று கூட்டத்தில் பேசுபவர்கள் பெரும்பாலும் உங்கள் குழுவைப் போன்றவர்களே. அதனால்தான் நீங்கள் போக வேண்டும். இருவர் இருவராகப் போங்கள், ஒருவர் பேச ஒருவர் குறிப்பெடுக்க. இரண்டு நிமிடத்துக்கு மேல் மைக் கிடைக்காது. என் வீட்டின் தாய்ப்பத்திரத்தில் இந்த வரி இருக்கிறது, இந்தத் தெருவின் இயல்பு அதனால் உண்டானது, இந்தக் கட்டடம் வரட்டும்: இவ்வளவு சொல்ல ஒன்றரை நிமிடம் போதும்.

பத்தாவது அமர்வு குறிப்பேட்டுக்கு. சாதாரணக் கோடு போட்ட நோட்டு, கைமாறக்கூடியது. ஒவ்வொருவர் பெயருக்கும் இரண்டு பக்கம்: போன கூட்டம், கொடுத்த தொகை, போட்ட போன், தவறவிட்டவை. தவறவிட்டவற்றையும் எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்து வரும் குழு அதே இடத்தில் விழும். குழுவிலிருந்து இருவர் அடுத்த தெருவில் புதிய குழுவை நடத்தப் போவார்கள். அவர்கள் பெயரை அன்றைக்கே தீர்மானியுங்கள், பிறகு பார்க்கலாம் என்றால் யாரும் போகமாட்டார்கள். ஆறு மாதம் கழித்துக் கூடுவதற்கு அதே நூலக அறையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அன்று சுற்று முறையில் ஒவ்வொருவரும் தங்கள் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பக்கம் காலியாக இருந்தால், காலி என்று படித்துவிட்டு நோட்டைப் பக்கத்தவரிடம் கொடுக்கட்டும்.